கடை டேஸ்ட் வீட்ல வரமாட்டேங்குதே அக்கா!

கேள்வி: அக்கா, எங்க ஊர்ல தெரு முனைல சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தள்ளுவண்டி பாஸ்ட் ஃபுட் கடை போடுவாங்க, அங்க சிக்கன் ரைஸ்னா எனக்கு உசுரு. இப்ப வேலைக்காக ஓசூர் வந்துட்டேன். ரூம்ல மூணு தடவை செஞ்சு பாத்தாச்சு, யூடியூப்ல சொன்ன சாஸ் எல்லாம் வாங்கி அடுக்கிட்டேன், ஆனா சிக்கன் போட்ட பொங்கல் மாதிரிதான் வருது. அப்படி என்ன சீக்ரெட் பொடி போடுறாங்க?

பதில்: பொங்கல்னு படிச்சதும் சிரிச்சுட்டேன் தம்பி, ஏன்னா நானும் பல நாள் அந்தப் பொங்கலத்தான் செஞ்சு வீட்ல எல்லாருக்கும் போட்டேன். பொடியும் இல்ல ஒண்ணும் இல்ல. உப்பு, மிளகுத்தூள், துளி அஜினமோட்டோ, சோயா சாஸ், சில்லி சாஸ், கொஞ்சம் வினிகர், அவ்ளோதான். நீங்க வாங்கி வெச்சிருக்குற பாட்டில்ல பாதி அந்த அண்ணன்கிட்ட இருக்காது. விஷயம் எல்லாம் சோத்துலயும் தீயிலயும் இருக்கு.

அவர் டப்பால இருக்குற சோத்த கவனிச்சிருக்கீங்களா? முன்னாடியே வடிச்சு ஆற வெச்சது, அள்ளுனா பொலபொலன்னு உதிரும். நாம என்ன பண்றோம், குக்கர்ல மூணு விசில் விட்டு ஆவி பறக்க அப்படியே கடாயில கொட்டிக் கிண்டுறோம். சூடா இருக்கும்போது சோறு பசை மாதிரி இருக்கும், கரண்டி பட்டா நசுங்கும். ஆறுனாதான் மாவுச்சத்து இறுகி ஒவ்வொரு அரிசியும் விறைப்பா நிக்கும். அதனால பாஸ்மதிய அரை மணி நேரம் ஊற வெச்சு, நிறைய தண்ணில உப்பு போட்டுக் கொதிக்க விட்டு, நடுவுல லேசா கடிபடும்போதே வடிச்சு, தாம்பாளத்துல பரப்பி ஃபேன் போட்டு விட்டுருங்க, ஆறுன உடனே ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். ராத்திரி பூரா வெளிய வெச்சுடாதீங்க. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா, வேக வெச்சாலும் அதோட விதை சாகாது, சோறு வெளிய கிடந்தா பெருகி விஷத்த விட்டுடும், அத திரும்ப வறுத்தாலும் போகாது, அப்புறம் ராத்திரி பூரா வாந்திதான்.

அடுத்து தீ. அவர் வெச்சிருக்குறது ஹை பிரஷர் அடுப்பு, உஸ்ஸுனு சத்தம் வருமே அதான், இரும்புக் கடாய சுத்தி நெருப்பு ஏறும். நம்ம வீட்டு அடுப்பு அந்த அளவுக்கு வராது, அதுக்காக ரூம்ல ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுறேன்னு கிளம்பிடாதீங்க சாமி! ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிளேட் அளவு மட்டும் போடுங்க. நாலு பேருக்கு மொத்தமா கொட்டுனா கடாய் சூடு இறங்கி, கோஸ் தண்ணி விட்டு, எல்லாம் அதுலயே வெந்து மறுபடி பொங்கல்.

இரும்புக் கடாய் லேசா புகையணும், அப்பதான் எண்ணெய், முட்டைய உடைச்சு கலைச்சுட்டு, மெலிசா வெட்டுன கோஸ், கேரட், ஒரு நிமிஷம் போதும், நறுக்குனு இருக்கட்டும். அப்புறம் பொரிச்சுப் பிச்ச சிக்கன், சோறு, உப்பு, மிளகு. சாஸ சோத்து மேல ஊத்தாதீங்க, கடாயோட ஓரத்துல ஊத்துங்க, சுர்ர்னு பொங்கி கருகுமே, நீங்க தெரு முனைல நின்னு மோந்தது அந்த வாசனைதான்.

கேள்வி: கேஎஃப்சி சிக்கன் மாதிரி செய்ய குக்கர்ல எண்ணெய் ஊத்தி மூடி போட்டுப் பொரிக்கலாம்னு ஒரு வீடியோல பாத்தேன். செய்யலாமா அக்கா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அந்த வீடியோ எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுது. அமெரிக்கால கென்டக்கி மாநிலத்துல கார்பின்னு ஒரு ஊர்ல கேஎஃப்சிய ஆரம்பிச்ச ஹார்லண்ட் சாண்டர்ஸ் ஹோட்டல் வெச்சிருந்தப்ப, கோழி சட்டில வேக அரை மணி நேரம் ஆகுது, கஸ்டமர் நிக்க மாட்டாங்கன்னு 1939 வாக்குல பிரஷர் குக்கர்ல பொரிக்க ஆரம்பிச்சாரு. பிறகு அதுக்குன்னே கெட்டியான பிரஷர் ஃப்ரையர் மெஷின் வந்துச்சு. நம்ம வீட்டு குக்கரோட ரப்பர் கேஸ்கெட், வால்வு எல்லாம் தண்ணி ஆவிக்காக செஞ்சது, கொதிக்கிற எண்ணெய் பீறிட்டா முகமே போயிடும். மோர்ல உப்பு, மிளகுத்தூள் போட்டு ராத்திரி ஊற வெச்சு, மைதால பிரட்டி, ஒரு கை மோர மைதால தெளிச்சு உதிர்த்துட்டு மறுபடி பிரட்டுனா அந்த சொரசொரப்பு வரும். சாதா வாணலி போதும்.

கேள்வி: அஜினமோட்டோ விஷம்னு மாமியார் டப்பாவையே குப்பைல போட்டுட்டாங்க. நிஜமாவா?

பதில்: விஷம் இல்லம்மா. 1908ல கிகுனே இகேடாங்குற ஜப்பான் விஞ்ஞானி கொம்புங்குற ஒரு வகை கடற்பாசி சூப்ல இருந்து பிரிச்சு எடுத்தது, அதுல ருசி குடுக்குற குளூட்டமேட்ங்குற பொருள் தக்காளிலயும் இருக்கு. சோடியம்கூட உப்புல இருக்குறதுல மூணுல ஒரு பங்குதான். மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, ஒரு ஸ்பூன் காளான் பொடி போட்டுப் பாருங்க, அதுலயும் அந்த ருசி இருக்கு.