அமெரிக்காவில் சிறப்புக் கல்விக்காக மாநில அரசுகளுக்கு உதவும் மையங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? பெற்றோருக்கு அதனால் பயன் உண்டா?

பயன் உண்டு, ஆனால் நேரடியாக உங்கள் கைக்கு வராது. இந்த மையங்கள் உங்கள் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி தராது, பள்ளிக்கூடத்தோடு உங்களுக்காக வாதாடவும் வராது. மாநில அலுவலகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று அந்த அலுவலகத்துக்கே எடுத்துக் காட்டுவதுதான் அவற்றின் வேலை. ஒரு மாநிலத்தின் ஆரம்பநிலை இடையீட்டுத் திட்டத்துக்கு (வளர்ச்சியில் பின்தங்கும் கைக்குழந்தைகளுக்கான உதவித் திட்டம்) ஒப்பந்த முறையில் தரவு வேலை பார்த்தவன் என்பதால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் சட்டம். 1975-இல் வந்த சட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 1986-இல் கைக்குழந்தைகளுக்கான பகுதி சேர்ந்தது. 1990-இல் சட்டத்தின் பெயர் மாறியது; இன்று எல்லோரும் அதை ‘ஐடியா’ (IDEA, மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம்) என்பார்கள். பிறந்ததிலிருந்து 3 வயது வரை ‘பார்ட் சி’, 3 முதல் 21 வரை ‘பார்ட் பி’. இதில் பெரிய குழப்பம், பார்ட் சி-யை எந்தத் துறை நடத்துவது என்பதை அந்தந்த மாநிலம்தான் முடிவு செய்கிறது. நியூ ஜெர்சியில் சுகாதாரத் துறை, மேரிலாந்தில் கல்வித் துறை, கலிபோர்னியாவில் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான தனித் துறை. மாநிலம் மாறிக் குடிபோகும் நம்மவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

ஒவ்வொரு மாநிலமும் வருடா வருடம் பிப்ரவரியில் மத்தியக் கல்வித் துறைக்கு ஒரு செயல்பாட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை வைத்து மாநிலத்துக்கு நான்கு நிலைகளில் ஒன்றைத் தருவார்கள். ‘தேவைகளை நிறைவு செய்கிறது’ என்பது மேல்நிலை. ‘கணிசமான தலையீடு தேவை’ என்பது அடிமட்டம். 2014 வரை, காலக்கெடு தவறாமல் காகிதம் சரியாக இருந்தால் போதும், நல்ல பெயர் கிடைத்துவிடும். அந்த ஆண்டு முதன்முறையாகக் குழந்தைகளின் கற்றல் நிலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 41 மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் மேல்நிலையில் இருந்தன; சேர்த்துப் பார்த்ததும் 18 ஆகக் குறைந்தது. குழந்தைகள் ஒரே வருடத்தில் பின்தங்கிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது.

அளவுகோல் என்றதும் டெக்சாஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004-இல் அந்த மாநிலக் கல்வி முகமை, பள்ளி மாவட்டங்களை (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளை) கண்காணிக்கும் முறையில், மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் மதிப்பெண் குறையும்படி ஓர் அளவை வைத்தது. சட்டசபையில் யாரும் அதற்கு ஓட்டுப் போடவில்லை. மாவட்டங்கள் மெதுவாகக் குழந்தைகளைத் தட்டிக் கழிக்கத் தொடங்கின. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை இதை வெளிக்கொண்டு வந்தது. 2017-இல் சட்டம் போட்டு அந்த வரம்பை நீக்கினார்கள். 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் சம்மதம் கொடுத்த பிறகு, குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் மதிப்பீடு எத்தனை நாளில் முடிந்தது என்பதைத்தான் மத்திய அறிக்கையின் காலக்கெடுக் கணக்கு எண்ணுகிறது. மதிப்பீட்டுக்கே அனுப்பப்படாத குழந்தை அந்தக் கணக்கில் தாமதமாகக்கூட வராது.

சரி, உதவி மையங்களுக்கு வருவோம். மத்திய அரசின் நிதியில் பல மையங்கள் இயங்குகின்றன. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் உள்ள ‘எக்டா’ மையம் சின்னக் குழந்தைகளுக்கான திட்டங்களைப் பார்க்கிறது; ‘டேஸி’ மையம் அவற்றின் தரவுகளை; ‘ஐடியா டேட்டா சென்டர்’ பெரும்பாலும் பள்ளிப் பக்கத் தரவுகளை. இவற்றிலிருந்து வருபவர்களில் பலர் முன்பு மாநில அலுவலகங்களிலேயே வேலை பார்த்தவர்கள். அதனால் எந்த எண்ணிக்கை எங்கே ‘அழகாக்கப்படும்’ என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் பார்த்த ஒன்று. பார்ட் சி-யில் பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீடும், குழந்தைக்கான சேவைத் திட்டத்தை வகுக்கும் முதல் கூட்டமும் முடிய வேண்டும். ஒரு விதிவிலக்கு: குடும்பத்தின் தனிப்பட்ட சூழ்நிலையால் தாமதம் என்று ஆவணத்தில் இருந்தால், அது உரிய நேரத்தில் முடிந்ததாகவே கணக்கில் சேரும். எங்கள் அறிக்கையில் மாநிலத்தின் ஒரு வட்டாரத்துக்கான எண் எப்போதும் பளபளப்பாக இருந்தது. வெளியிலிருந்து உதவிக்கு வந்த அம்மையார் சதவீதத்தைப் பார்க்கவே இல்லை. “தாமதக் காரணம் எழுதிய பத்தியைத் திறந்து காட்டுங்கள்” என்றார். வரிசையாக ‘குடும்பக் காரணம்’, ‘குடும்பக் காரணம்’. அப்புறம் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒன்றில், தமிழ் பேசும் குடும்பத்துக்கு இந்தி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தாய் ‘எங்களுக்கு இந்தி புரியாது’ என்று சொல்லியிருக்கிறார். சந்திப்பு ரத்து, காரணம், குடும்பம். இன்னொன்றில், இருந்த ஒரே தெரபிஸ்ட் செவ்வாய்க்கிழமை காலை மட்டும்தான் வருவார். பெற்றோர் இருவருக்கும் அன்று வேலை. அதுவும் குடும்பக் காரணம்தான்.

யாரும் வேண்டுமென்று பொய் எழுதவில்லை. கணினித் திரையில் அந்தக் காரணம்தான் முதலில் இருந்தது, அவசரத்தில் அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அடுத்த காலாண்டில் ‘மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை’, ‘தெரபிஸ்ட் நேரம் இல்லை’ என்று தனித்தனிக் காரணங்கள் சேர்ந்தன. அந்த வட்டாரத்தின் சதவீதம் இறங்கியது, மேலிடத்துக்குக் கோபம். ஆனால் தெரபிஸ்ட் பற்றாக்குறைக்கு நிதி கேட்க அந்த இறங்கிய எண்தான் கையில் இருந்த ஒரே ஆதாரம்.

எல்லா உதவியும் இப்படி இருக்கும் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி, இணையவழிக் கூட்டமும் யாரும் திறக்காத வழிகாட்டிக் கோப்புகளும்தான். ஊழியர்கள் அடிக்கடி மாறும் மாநிலத்தில் போன வருடம் கற்றுக்கொடுத்ததை இந்த வருடமும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு ஆலோசனை சொன்னாலும் ஆள் எடுக்கப் பணம் வேண்டுமே? சிறப்புக் கல்விக்காக மாநிலங்களுக்கு, ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-இல் சொன்ன மத்திய அரசு, இதுவரை அந்த அளவை எட்டியதே இல்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்? உங்கள் மாநிலத்தின் ஆண்டறிக்கை பொதுவில் கிடைக்கும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் எண்களையும் மாநிலம் வெளியிட்டே ஆக வேண்டும். பள்ளியோடு பேசப் போவதற்கு முன் அதைப் பாருங்கள். மதிப்பீடு குழந்தையின் வீட்டு மொழியில் நடக்க வேண்டும், நடைமுறையில் முடியவே முடியாது என்றால் மட்டும்தான் விலக்கு. அதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். தனியாக அலைய வேண்டாம், எல்லா மாநிலத்திலும் பெற்றோர் பயிற்சி மையம் ஒன்றாவது உண்டு, பணம் வாங்க மாட்டார்கள். குழந்தைக்கு 3 வயது ஆகப்போகிறது என்றால் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே பார்ட் சி-யிலிருந்து பள்ளிக்கு மாறுவதற்கான கூட்டம் பள்ளி மாவட்டத்தோடு நடந்துவிட வேண்டும். அழைப்பு வரவில்லை என்றால் நீங்களே கூப்பிடுங்கள்.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பார்ட் சி-க்கு மாநில அளவில் ஓர் ஒருங்கிணைப்புக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் குறைந்தது 20 சதவீதம் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடங்களில் பல காலியாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். விண்ணப்பப் படிவம் மாநிலத் துறையின் தளத்தில் இருக்கும்.