வாஷிங்டன் அலுவலகம் போயும் சம்பளச் சீட்டில் ரிச்மண்ட் விகிதமா?

உங்களுக்கு வாஷிங்டன் விகிதம்தான் வர வேண்டும். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்குப் பகுதிக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளத்தோடு சேரும் வட்டாரப் படி வீட்டு முகவரியைப் பார்க்காது, பணியிடத்தைத்தான் பார்க்கும். இரு வாரச் சம்பளக் காலத்துக்கு இரண்டு நாளாவது தவறாமல் போனால் அந்த அலுவலகமே பணியிடம்.

4 வருஷம் ரிச்மண்ட் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர் நீங்கள். 'திரும்பி வாருங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள் உங்கள் பணிப் பதிவைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் பணிப் பதிவான எஸ்எஃப்-50 படிவத்தில், பணியிடத்தைக் காட்டும் 39ஆம் கட்டத்தைப் பாருங்கள். அதில் இன்னும் ரிச்மண்ட் என்றிருந்தால் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள், போன் வேண்டாம். எனக்கு "ஆகிடும், ஆகிடும்" என்றே மூன்று சம்பளம் ஓடிவிட்டது.

2025இல் வாஷிங்டனுக்கான வட்டாரப் படி 33.94%. அலுவலகம் வருவதிலிருந்து மருத்துவ விலக்கு வாங்கி வீட்டிலேயே இருந்தால் இந்த விகிதம் பொருந்தாது. ரயில் செலவுக்குப் போக்குவரத்து மானியம் உண்டு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.