எந்தக் கால்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனையில் ரேடியோகிராபராக இருக்கிறேன். நான்கு வருடமாகத் தொகுப்பூதியம். ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் குறையாமல் எக்ஸ்ரே எடுக்கிறேன். ‘எக்ஸ்ரே பையன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டர்கள் யாருக்கும் என் பெயர் தெரியாது. என் வேலை பட்டனை அமுக்குவது, படத்தைப் பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. இருக்கிற கூட்டத்தில் இடது, வலது பக்கத்தைக் குறிக்கும் ஈய எழுத்தைக்கூட வைப்பதில்லை. அது தொலைந்துபோய் ஒரு வருடமாகிறது, வாங்கித் தரக் கேட்டு இன்டென்ட் போட்டும் வரவில்லை. படம் வந்த பிறகு கம்ப்யூட்டரிலேயே இடதுக்கு ‘எல்’, வலதுக்கு ‘ஆர்’ என்று போட்டுவிடுகிறோம். கர்ப்பமா என்று தெரிந்துகொள்ள, பெண்களிடம் கடைசியாகக் குளித்த (மாதவிலக்கான) தேதியைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில் ‘கதிர்வீச்சு வேலை, குழந்தை பிறக்காது’ என்று மறுத்துவிட்டார்கள். அண்ணன் குரூப் 4 எழுதச் சொல்கிறார். எனக்குக் கதை எழுதத்தான் ஆசை. இந்த வேலையில் மனம் மரத்துப்போகிறது. விட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் அம்மாவின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு பெரிய பழுப்பு உறை. உள்ளே 2009இல் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அம்மாவின் இடுப்பெலும்பு, தொடை எலும்பின் கழுத்தில் முறிந்த கோடு. ஓரத்தில் வெள்ளையாக ஒரு ‘எல்’, அதன் கீழே பொடியாக இரண்டு எழுத்துகள். அந்த எழுத்துகளை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘எக்ஸ்ரே பையன்’ என்று கூப்பிடுவது தவறுதான். ஆனால் அந்த வருத்தத்தைத் தடவிக்கொண்டே இருக்காதீர்கள். 1934இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊரில் இருக்கும் தொழில் இது. 2021இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான ஆணையச் சட்டமும் உங்கள் தொழிலைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டாக்டர்களுக்குப் பெயர் தெரியாவிட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கல்யாணப் பேச்சு. அந்த வீட்டார்மேல் கோபப்படாதீர்கள், அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் கதிரை உண்டாக்கும் எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தங்கள் கையையே நீட்டிச் சோதித்தார்கள். விரல் விரலாக இழந்து, புற்றுநோயில் செத்தார்கள். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி 1904இல் அப்படித்தான் போனார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் மருத்துவமனை ஒன்றில் அப்படி இறந்தவர்களுக்காக 1936இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முதலில் 169 பெயர்கள், அப்புறம் இன்னும் சேர்ந்தன. இன்று உங்கள் உடலில் படும் கதிர்வீச்சுக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. தடுப்புக்குப் பின்னால் நின்று ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அதில் ஒரு சிறு பங்குகூட வராது. உங்கள்மேல் படும் கதிரைப் பதிந்துகொள்ளச் சட்டையில் இருக்கும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்து வருகிறதே, அந்த அறிக்கையை என்றைக்காவது வாங்கிப் படித்திருக்கிறீர்களா? அடுத்த வீட்டில் அதைக் காட்டுங்கள். காட்டியும் வேண்டாம் என்றால் அந்தச் சம்பந்தம் போகட்டும்.

‘என் வேலை பட்டனை அமுக்குவது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வெளியாள் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். படித்துப் பட்டயம் வாங்கிய நீங்கள் சொல்லலாமா?

2009இல் அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்தில் இருந்த தனியார் ஸ்கேன் சென்டருக்குத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த பையன், வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்த காலைப் பிடித்து நேராக்கினான். முறிந்த காலை. அம்மா போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அந்த வலியில் அசையாமல் எப்படி இருப்பார்? படம் மங்கலாக வந்தது. ‘அசைஞ்சிட்டீங்கள்ல’ என்று அம்மாவையே திட்டினான். ஒரே கோணம், ஒரே படம். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால், டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, ‘இதுல ஒண்ணும் தெரியாது, திரும்ப எடுக்கணும்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கியிருக்கும். டிராலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

‘அம்மா, உங்க பேரென்ன?’

அம்மா சொன்னார். வயதைக் கேட்டார். அப்புறம், ‘எந்தக் கால்மா?’

‘இடது காலுய்யா.’

சீட்டைப் பார்த்தார். மறுபடி, ‘கையால தொட்டுக் காட்டுங்க.’ அம்மா இடது தொடையைத் தொட்டார். சீட்டில் வலது என்று எழுதியிருந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. ‘இடதுதான் சார், அவசரத்துல மாத்தி எழுதியிருப்பாங்க, நீங்க எடுங்க’ என்றேன். ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு அவரே டாக்டரிடம் போனார். அடித்துத் திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் நான் அவரை மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அதற்குள் இரண்டு ஈய எழுத்துகள், ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயரின் முதலெழுத்துகள். ‘எல்’லை எடுத்து, ஃபிலிம் இருக்கும் தட்டையான கேசட்டின் ஓரத்தில் பிளாஸ்திரியால் ஒட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘கூட நின்னு அம்மாவைப் பிடிச்சுக்கிறீங்களா? கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?’ என்று தணிந்த குரலில் கேட்டார். ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. இல்லை என்றேன். ஈயக் கவசத்தை என் தோளில் மாட்டிவிட்டார்.

அப்புறம் அம்மாவிடம், ‘வலிக்கிற காலை நான் தொடமாட்டேன்மா. அது அப்படியே கிடக்கட்டும்’ என்றார். நல்ல காலை மெதுவாகத் தூக்கி, ஸ்டூல்மேல் தலையணை வைத்து அதில் வைத்தார். அடிபட்ட இடுப்புக்குப் பக்கவாட்டில் கேசட்டை நிறுத்தினார். குழாயைப் படுக்கைவாட்டில் திருப்பி, தூக்கிவைத்த காலுக்குக் கீழே கதிர் குறுக்காகப் போகும்படி வைத்தார். ‘இப்ப செவத்துக்குப் பின்னால போவேன். கண்ணாடி வழியா உங்களைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், பயப்படாதீங்க.’ இரண்டு கோணம், இரண்டு படம். அம்மா ஒரு முனகல்கூட இல்லை.

அந்த நாளுக்குப் பிறகு உங்கள் துறை மாணவர்கள் படிக்கும் பாடப்புத்தகங்களை வாங்கிப் படித்தேன். இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது பாதத்தை 15 டிகிரி உள்பக்கம் திருப்பவேண்டும் என்று அதில் இருக்கிறது. முறிவு என்று சந்தேகம் இருந்தால் திருப்பவே கூடாது என்று அதே பக்கத்தில் இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஏன் முதுகைக் குழாய்க்குக் காட்டி நிற்க வைக்கிறீர்கள், ஏன் ஆறடி தூரம், ஏன் தோளை முன்னால் தள்ளச் சொல்கிறீர்கள் எல்லாம் அதில்தான் தெரிந்துகொண்டேன். இதயம் முன்பக்கம் இருப்பதால் தட்டுக்கு நெருங்கி, பெரிதாகத் தெரியாமல் இருக்கும். தோள்பட்டை எலும்பு விலகினால்தான் நுரையீரல் மறைவில்லாமல் தெரியும். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று ஒரு பாட்டிக்குப் புரியும்படி நீங்கள் சொல்லாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும், இல்லாத நிமோனியா இருப்பதுபோல. இதெல்லாம் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை. 1895 டிசம்பரில், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைத் தட்டின்மேல் கால் மணி நேரம் அசையாமல் வைத்திருக்கச் சொன்னாரே, அதைத்தான் நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறீர்கள்.

‘பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை’ என்பதும் பாதிதான் சரி. நோயாளியிடம் நீங்கள் சொல்லக்கூடாது, சரி. ஆனால் படத்தை முதலில் பார்க்கும் கண் உங்களுடையது. பிரிட்டனில் 1980களிலேயே ரேடியோகிராபர்கள், ஏதோ சரியில்லை என்று தோன்றும் ஃபிலிமில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி, அவசரப் பிரிவு டாக்டரின் கண்ணில் படும்படி அனுப்பினார்கள். நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவீர்களா? மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

இனி அந்த ஈய எழுத்து. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் விடமாட்டேன்.

கேசட்டின்மேல் வைத்த எழுத்து கதிரின் வழியில் இருக்கிறது. அம்மாவின் எலும்பு படத்தில் பதிந்த அதே நொடியில் அதுவும் பதிகிறது. கம்ப்யூட்டரில் நீங்கள் அடிக்கும் எழுத்து, நோயாளி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போன பிறகு வருவது. அப்போது உங்களுக்குத் துணை, உங்கள் ஞாபகமும் சீட்டும்தான். என் அம்மாவின் சீட்டில் வலது என்று இருந்தது! உங்கள் அறைக்கு வந்திருந்தால் நூற்றுப் பத்தாவது ஆளாக, சீட்டைப் பார்த்து நீங்கள் ‘ஆர்’ என்று அடித்திருப்பீர்கள். இடுப்பு என்பதால் டாக்டர் கண்டுபிடித்திருப்பார், கால் குட்டையாகித் திரும்பிக் கிடக்கிறதே. நெஞ்சு என்றால்? இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றில் கல் என்றால்? இரண்டு முழங்காலும் வீங்கிய ஒருவர் என்றால்?

இன்னொன்றும் சொல்கிறேன். திரையில் படத்தை ஒரே சொடுக்கில் இடவலமாகத் திருப்பிவிடலாம். ஈய எழுத்து இருந்தால் அதுவும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலமாகத் திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். திருப்பிய பிறகு அடித்த எழுத்து நேராகத்தான் இருக்கும், எதையும் சொல்லாது. இதயம் வலப்பக்கம் இருக்கும் மனிதர்கள் உண்டு. அப்படி ஒருவரின் படத்தைப் பார்த்து, ‘மாறி விழுந்துவிட்டது’ என்று நினைத்து நீங்கள் திருப்பி, ‘எல்’ என்று அடித்து அனுப்பினால், அந்த மனிதரின் இதயத்தை இடம் மாற்றியவர் நீங்கள். அடுத்து அவருக்கு அறுவை செய்யப்போகிறவர் உங்கள் படத்தை நம்புவார்.

கூட்டம் என்கிறீர்கள். அம்மாவுக்குப் படம் எடுத்த அந்த மனிதருக்கும் அன்று கூட்டம்தான், வராண்டாவில் வரிசை நின்றது. எழுத்தை ஒட்ட அவருக்கு ஐந்து நொடி ஆகியிருக்கும். ஆனால் அதை ஒட்டுவதற்கு முன்னால் ‘எந்தக் கால்மா?’ என்று கேட்டாக வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறேன். எழுத்தைக் கையில் எடுத்தால் வாய் கேட்கும். அது தொலைந்ததும் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். மனம் மரத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள்.

தேதி கேட்கும் கூச்சமும் இதில் சேர்ந்ததுதான். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும் என்று உங்கள் கதவில் ஒரு போர்டு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெண் அதை எப்படிப் படிப்பாள்? மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படி வாய் திறப்பாள்? மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு, நீங்கள்தான் கேட்கவேண்டும். உங்கள் கூச்சத்துக்காக வயிற்றில் இருக்கும் பிள்ளை கதிரை வாங்கிக்கொள்ள வேண்டுமா? இதற்கு நான் சமாதானம் கேட்கத் தயாரில்லை.

அப்புறம், டிஜிட்டல் வந்த பிறகு ஒரு கெட்ட பழக்கம் வருகிறது என்று உங்கள் துறையினரே எழுதுகிறார்கள். ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கூடினாலும் படம் அழகாகவே வரும், குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் கை தன்னையறியாமல் கூட்டிப் போடப் பழகுகிறதாம். உங்கள் கையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

குரூப் 4 எழுதவேண்டுமென்றால் எழுதுங்கள். நிரந்தர வேலை இல்லாத வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை, அண்ணன் சொல்வதில் தப்பும் இல்லை. கதையைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

அம்மா அந்த அறுவைக்குப் பிறகு ஒன்பது வருடம் கம்பு ஊன்றி நடந்தார். கோயிலுக்கும் போனார், என்னோடு சண்டையும் போட்டார். அந்த மனிதரின் பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிலிமில் இருக்கும் அந்த இரண்டு எழுத்துகள்தான் எனக்குத் தெரிந்த அவர் பெயர்.

இன்டென்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே சாமான் விற்கும் கடைகளில் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே செய்து தருகிறார்கள். உங்களுக்கு ஒரு ஜோடி வாங்கி அனுப்புகிறேன். கடிதத்தில் ‘ச.’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். இனிஷியலையும் முகவரியையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா