ஜப்பானில் ரயிலா, காரா, விமானமா? – கேள்வி பதில்

கேள்வி: டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கா ஆகிய மூன்று ஊர்களுக்கு ஒரு வாரம் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். எல்லோருக்கும், குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் விருப்பம்போல் பயணம் செய்ய உதவும் ஜப்பான் ரயில் பாஸை ஏழு நாளுக்கு வாங்கிவிடுமாறு பயண முகவர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். சாதாரண வகுப்புக்கான ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபர் வரை 29,650 யென்னுக்குக் கிடைத்தது. அந்த மாதம் அதன் விலையை 50,000 யென்னாக உயர்த்திவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் ஏறக்குறைய 14,000 யென். போய்த் திரும்பினாலும் 28,000 யென்தான் ஆகும். ஹிரோஷிமா வரை சென்று திரும்பினாலும்கூட 40,000 யென்னைத் தாண்டாது. அதோடு, அத்தடத்தின் மிக வேகமான நொசோமி ரயிலில் ஏறுவதற்குப் பாஸ் வைத்திருப்பவரும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். விலை உயர்வுக்கு முந்தைய காணொளிகள் பலவும் இன்றும் இந்தப் பாஸைப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கின்றன; அவற்றை நம்ப வேண்டாம். உங்கள் பயணத்திற்கு நான் சொல்லக்கூடிய சிக்கனம் வேறு: டோக்கியோவில் இறங்கி ஒசாக்காவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புமாறு பன்னாட்டு விமானச் சீட்டை எடுத்துவிட்டால், திரும்பி வரும் ரயில் செலவே இல்லாமல் போகும். ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த ரயிலில் புஜி மலை தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பதில்: சாதாரண வகுப்பில் ‘E’ என்ற ஆங்கில எழுத்துள்ள சன்னல் இருக்கை. டோக்கியோவிலிருந்து போகும்போது அது வலப்பக்கம் வரும். மேகம் மறைத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

கேள்வி: வயதான பெற்றோரும் பெரிய பெட்டிகளும் உடன் வருகின்றன. ரயிலில் சமாளிக்க முடியுமா?

பதில்: பெற்றோரைப் பற்றிக் கவலை வேண்டாம், பெட்டிகளைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். டோக்கியோ–ஒசாக்கா தடத்தில், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டியைக் கொண்டுபோக, அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்கிவிடுவார்கள். அதைவிட வசதியானது ‘தக்யூபின்’ எனப்படும் பெட்டி அனுப்பும் சேவை. விடுதி வரவேற்பறையில் பெட்டியை ஒப்படைத்தால், இத்தகைய தடங்களில் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் விடுதியில் இருக்கும். ஓர் இரவுக்கு வேண்டிய துணியையும் பெற்றோரின் மருந்துகளையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறேன். அங்கே வாடகைக் கார் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் அந்த உரிமம் மட்டும் போதாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஜப்பான் ஏற்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் இருப்பதால், நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் அனுமதிப் புத்தகம் செல்லும். அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். அதனுடன் அசல் உரிமத்தையும் கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டினால் வண்டி தரமாட்டார்கள்.

அங்கும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பதால் நமக்குக் கை பழகிவிடும். சிக்கல் நம் பழக்கங்களில்தான் இருக்கிறது. தலைகீழ் சிவப்பு முக்கோணப் பலகையைக் கண்டால், சாலை வெறிச்சோடியிருந்தாலும் சக்கரம் முழுதும் நிற்கும்படி நிறுத்தியாக வேண்டும். ரயில் கடவையிலும் அப்படியே. சிவப்பு விளக்கு எரியும்போது இடப்பக்கம் திரும்பக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால், அதை அறிந்தே உடன் பயணம் செய்தவருக்கும் தண்டனை உண்டு. எரிபொருள் நிலையத்தில் சிவப்புக் குழாய் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர்ரக பெட்ரோல், பச்சை டீசல். நிறம் மாறினால் இயந்திரம் கெடலாம். டோக்கியோ, ஒசாக்கா நகரங்களுக்குள் கார் எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிறுத்துமிடக் கட்டணமே பணத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: அப்படியானால் கார் எங்கேதான் பயன்படும்?

பதில்: தெற்கே உள்ள ஒகினாவா தீவில். அங்கே நாஹா நகரை ஒட்டி ஓடும் மோனோரயிலைத் தவிர வேறு ரயில் கிடையாது. புகழ்பெற்ற சுராவுமி மீன் காட்சியகம் நாஹாவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டோக்கியோவிலிருந்து விமானத்தில் இறங்கியவுடன் காரை எடுத்துக்கொள்வதே அங்கு முறை.

வடக்கே உள்ள ஹொக்கைடோவும் அப்படித்தான், ஆனால் கோடையில் மட்டும். இலங்கையைவிடப் பெரிய அத்தீவில் பூந்தோட்டங்களும் ஏரிகளும் சிதறிக் கிடப்பதால் கார் மிக உதவும். குளிர்காலத்தில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் உறைந்திருக்கும். வாடகை வண்டியில் பனிக்கால டயர் பொருத்தித் தந்தாலும், பனியில் ஓட்டிப் பழகாதவர் அதை நம்பி இறங்குவது விவேகமன்று. அப்போது அத்தீவின் தலைநகரான சப்போரோவிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் செல்லுங்கள்.

கேள்வி: சப்போரோவுக்கு டோக்கியோவிலிருந்து ரயிலில் போகலாமா?

பதில்: ரயில் மீது காதல் உள்ளவர் போகலாம். 2016இல் ஷின்கான்சென் ஹொக்கைடோவின் தென்பகுதியிலுள்ள ஷின்-ஹகோடாட்டே-ஹொகுட்டோ நிலையம் வரை நீண்டது. அங்கிருந்து வேறு ரயிலுக்கு மாறிப் போய்ச்சேர மொத்தம் எட்டு மணி நேரம் ஆகும். வழியில் கடலடியில் செல்லும் 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் வரும். மற்றவர்களுக்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேர விமானமே சரி.

கேள்வி: எங்கள் விமானம் இரவு பத்து மணிக்கு நரிட்டாவில் இறங்குகிறது. நகருக்குள் போக முடியுமா?

பதில்: துணிய வேண்டாம். நரிட்டா டோக்கியோ நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிவதற்குள் கடைசி ரயில் போய்விடக்கூடும்; டாக்சி என்றால் 20,000 யென்னுக்கு மேல் ஆகும். விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் தங்கி, காலையில் புறப்படுங்கள். இன்னும் சீட்டு எடுக்கவில்லையென்றால், நகருக்கு அருகிலுள்ள ஹனேடாவில் இறங்கும் விமானத்தைத் தேடுங்கள். கட்டணம் சற்று அதிகமானாலும் விடுதிச் செலவில் அது ஈடாகிவிடும்.