கர்ப்ப காலத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை: நம்பிக்கை மைய ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: எனக்கு மூன்றாம் மாதம். கிராம சுகாதார செவிலியர் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார். என்மீது சந்தேகமா, அம்மா?

பதில்: இல்லை, அம்மா. இரத்தச் சோகை, சர்க்கரை, சிபிலிஸ் ஆகியவற்றோடு இந்தப் பரிசோதனையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவானது. ஆயினும் உங்கள் சம்மதமின்றிச் செய்யக் கூடாது.

கேள்வி: எனக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்துவிட்டது. கணவரும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும் என்பேன். நம் நாட்டில் மணமான பெண்கள் பலருக்குக் கணவர் வழியாகவே தொற்று வருகிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். மேலும், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ புதிதாகத் தொற்று ஏற்பட்டால், அப்போது தாயின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதால் குழந்தைக்குப் பரவும் ஆபத்தும் கூடுகிறது. செவிலியர்கள் மனைவியிடம் மட்டும் பேசிவிட்டு வருவது பாதி வேலைதான் என்பது என் கருத்து. கணவரை அழைத்துவர மனைவியையே தூது அனுப்பினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். செவிலியரே நேரில் பேசுவது நல்லது.

கேள்வி: துணை சுகாதார நிலையத்தில் விரலில் குத்திச் செய்த பரிசோதனையில் என் தங்கைக்குத் தொற்று இருக்கலாம் என்றார்கள். இனி என்ன செய்வது?

பதில்: அது முதற்கட்டப் பரிசோதனைதான், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் மீண்டும் பரிசோதித்த பிறகே உறுதியாகும். உறுதியானால், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை உடனே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். 2014 முதல் இந்தியாவில் தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் இதுவே நடைமுறை. சிகிச்சையே இல்லாதபோது 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும், தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பை, முறையான சிகிச்சையால் 5 சதவீதத்திற்கும் கீழே கொண்டுவரலாம். பிறந்த குழந்தைக்குக் குறைந்தது 6 வாரம் தடுப்பு மருந்து தரப்படும்; ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனையும், 18 மாதத்தில் இறுதிப் பரிசோதனையும் நடக்கும்.

கேள்வி: தாய்ப்பால் கொடுக்கலாமா? மாமியார் சேனை வைக்க வேண்டும் என்கிறார்.

பதில்: மருந்தை விடாமல் உட்கொள்ளும் தாய், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கலாம். தாய்ப்பாலோடு சர்க்கரைத் தண்ணீரும் பவுடர் பாலும் கலந்து கொடுப்பதுதான் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், இப்படிக் கலந்து ஊட்டப்பட்ட குழந்தைகளைவிடத் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாகவே இருந்தது. ஆகவே சேனை வேண்டாம். காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவர் எந்தக் குழந்தைக்கும் வைக்கக் கூடாது என்கிறார் என்று சொல்லுங்கள்; அது பொய்யும் அல்ல.

கேள்வி: ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் நிலையை அனுமதியின்றி வெளியிடுவதும், அதைக் காரணமாக்கிப் பிரசவம் பார்க்க மறுப்பதும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின்படி குற்றமாகவோ விதிமீறலாகவோ கொள்ளப்படும். 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை பெறலாம்.