மக்கள் இல்லை என்று எழுதப்பட்ட தீவு

அன்புள்ள ஐயா,

அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். உலக அரசியலை விமர்சன நோக்கில் அணுக வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். வலிய நாடு நினைத்ததைச் செய்கிறது, எளிய நாடு பொறுத்துக்கொள்கிறது என்பதுதானே நடைமுறை? சர்வதேச நீதிமன்றம் சொல்வதைக்கூட அவர்கள் கேட்பதில்லை. அங்கே நீதியைப் பற்றிப் பேசுவது நம் மன ஆறுதலுக்கு மட்டும்தானா?

கே.

அன்புள்ள கே.,

வலியவர் வெல்கிறார் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெல்லும் வலிமை கையில் இருக்கும்போதே, அவர் ஏன் இத்தனை பாடுபட்டுக் கோப்புகளில் பொய் எழுதுகிறார் என்ற கேள்விக்கு உங்கள் நடைமுறை வாதத்தில் விடை இல்லை.

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, 1965 நவம்பரில், பிரிட்டன் இத்தீவுகளை அதிலிருந்து பிரித்துப் புதிய காலனியாக்கியது. ஈடாக 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. டியாகோ கார்சியா தீவில் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் தேவைப்பட்டதே காரணம். அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். தென்னந்தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், மடகாஸ்கர்க்காரர்கள், பின்னர் வந்த இந்தியக் கூலிகள் ஆகியோரின் வழிவந்த, தமக்கென ஒரு கிரியோல் (கலப்பு) மொழி பேசிய மக்கள். தன்னாட்சி பெறாத பகுதியின் மக்கள் நலனே முதன்மையானது, அவர்கள் நிலையைப் பற்றி ஐ.நா.வுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவு. நிரந்தரக் குடிகளே இல்லையென்றால் இந்தக் கடமை எழாது. ஆகவே, தலைமுறைகளாக அங்கே பிறந்து இறந்தவர்களைத் தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். 1966ஆம் ஆண்டு எழுதிய ஒரு குறிப்பில், பறவைகளோடு சில ‘டார்சான்களும்’ அங்கே இருப்பதாகக் கேலி செய்தார்கள். 1973க்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன் அவர்கள் வளர்த்த நாய்கள் கொல்லப்பட்டன. (நாய்களுக்கு ஒப்பந்தம் எழுத முடியாதல்லவா.)

துப்பாக்கி இருந்தும் சொல்லைத் திருத்த வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தக் காலத்து உலகில் ‘மக்கள்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எடை இருந்தது. விமர்சன நோக்கு என்று நான் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான்: எந்தச் சொல்லால் யார் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்று பார்ப்பது.

அந்த அதிகாரிகள் எழுதிவைத்த காகிதங்களே பின்னர் அரசுக்கு எதிராகச் சான்றாயின. 2000இல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004இல், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசியின் பெயரில் பிறப்பிக்கக்கூடிய ஓர் ஆணையால் அரசு அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றனர். இதுவரை உங்கள் வாதமே வெல்கிறது. ஆனால் தீவுகளைப் பிரித்தது முறையற்றது, பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது, ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் அதை ஆதரிக்க, 6 நாடுகள் மட்டுமே எதிர்த்தன. கட்டுப்படுத்தாத ஆலோசனைக் கருத்துதான் அது. அந்த அழுத்தம் இல்லாமல், மொரீஷியஸின் இறையாண்மையை ஏற்கும் 2025 மே மாத ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் மகிழ்ந்து நின்றுவிடவும் கூடாது. அந்த ஒப்பந்தம் டியாகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குத் தளமாகவே விட்டுவைக்கிறது; வெளியேற்றப்பட்டவர்கள் மற்ற தீவுகளில் குடியேறலாம், அங்கே முடியாது. இரண்டு அரசுகள் பேசி முடித்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நாடுகளுக்கு இடையிலான நீதியை மட்டும் அளந்தால் இது வெற்றி என்று தோன்றும், மொரீஷியஸில் இந்த மக்கள் வறுமையிலும் ஒதுக்கலிலும் கழித்த அரை நூற்றாண்டு அந்த அளவையில் ஏறாது.

2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு ஒன்று இதே டியாகோ கார்சியாவில் கரைசேர்ந்ததும், அவர்களில் பலர் வேலியிட்ட முகாமில் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அது சட்டவிரோதத் தடுப்புக்காவல் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்தது, குடிகளே இல்லை என்று எழுதப்பட்ட அந்தக் காலனிக்கென்று பிரிட்டன் அமைத்த உச்ச நீதிமன்றம்.