முதலில் வந்த விதை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செடிகள் பரவுவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஓரிடத்தில் எது வளரும் என்பதை மண்ணும் மழையும் வெயிலுமே தீர்மானிக்கின்றன என்று படித்தவன் நான். எந்த விதை முதலில் வந்து விழுகிறது என்ற தற்செயலுக்கு நீங்கள் இவ்வளவு இடம் கொடுத்தது உறுத்துகிறது. எல்லாம் தற்செயல் என்றால் அறிவியலுக்கு அங்கே என்ன வேலை?

க.

அன்புள்ள க.,

எல்லாம் தற்செயல் என்று நான் எழுதவில்லை. உவர்மண்ணில் எத்தனை விதை விழுந்தாலும் பெரும்பாலானவை மடிந்துவிடும். அந்த விஷயத்தில் மண் கறாரானது. ஆனால் அங்கே பிழைக்கக்கூடிய இனங்கள் நூறு இருக்கும்போது, எந்தப் பத்து வந்து சேர்ந்தன என்பதை மண்ணைச் சோதித்து அறிய முடியாது.

இது பழைய விவாதம். ஓரிடத்தில் சேர்ந்து வளரும் தாவரக் கூட்டத்தை ஓர் உயிரினம் போலவே பார்த்தார் அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் (1916): அது வளர்ந்து, அந்தத் தட்பவெப்பத்துக்குரிய முதிர்நிலையை அடையும் என்றார். இன்னொரு அமெரிக்கச் சூழலியலாளர் ஹென்றி கிளீசன் 1926-ல் அதை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தன்போக்கில் வருகிறது, ஒத்துவரும் இடத்தில் நிலைக்கிறது என்பது அவர் கட்சி. அவரை நெடுங்காலம் பலர் பொருட்படுத்தவேயில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலடி எரிமலையிலிருந்து சர்ட்சி என்ற தீவு எழுந்தது. ஒரு விதைகூட இல்லாத புது நிலம். 1965-ல் அங்கே கடுகுக் குடும்பத்துக் கடற்கரைச் செடி ஒன்று முளைத்தது, நிலைக்கவில்லை. பின்னால் வந்த சில செடிகள் வேரூன்றின. சத்தற்ற மணலில் இனங்கள் மெதுவாகவே கூடின. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. எச்சம் மண்ணுக்கு நைட்ரஜனைத் தந்தது. பறவைகளோடு விதைகளும் வந்தன. கூடுகள் இருந்த பகுதி அடர்ந்த புல்வெளியானது. அதே மழை பெய்யும் தீவின் மற்ற பகுதிகளில் செடிகள் அங்கங்கேதான் தென்பட்டன.

பறவைகள் அந்த மூலையில் இறங்கியதைத் தற்செயல் என்று வைத்துக்கொண்டால், அவற்றின் எச்சத்தால் மாறிய மண் சூழல் அல்லவா? தற்செயலுக்கும் சூழலுக்கும் இடையே கோடு எங்கே போடுவீர்கள்?

அறிவியலுக்கு வேலை நிறையவே இருக்கிறது. பத்து மரங்களே உள்ள இனத்தை ஒரு புயல் துடைத்துவிடலாம். பத்தாயிரம் உள்ள இனம் தாங்கிவிடும். இதைக் கணக்கிட முடியும். இனங்கள் வந்த வரிசை முக்கியமா என்பதையும் சோதிக்கலாம். ஒரே மண்ணை இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒன்றில் புல்லையும் மற்றதில் பயறுச் செடியையும் முதலில் விதையுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டிலும் விடுபட்டதை விதையுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.